நிற்கும் பாலத்துக்கு ஒரு விசாரணை

தமிழ் படித்தவர்களுக்கு எல்லிஸ் என்ற பெயரைக் கேட்டால் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். சென்னையில் ஆட்சியராக இருந்தவர். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியவர். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதைக் கால்டுவெல்லின் நூலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1816இல், எடுத்துக்காட்டியவர். 1819இல் இராமநாதபுரத்தில் இறந்துபோன எல்லீசர். ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக அகமதாபாத் சென்றபோது, தங்குமிடத்தின் முகவரியில் ‘எல்லிஸ்பிரிட்ஜ்’ என்றிருந்ததைக் கண்டு எனக்குள் ஒரு துள்ளல். நம் எல்லீசர் சபர்மதிக் கரைக்கு எப்போது போனார்?

அவர் போகவில்லை. இவர் வேறொருவர். பேரோ ஹெல்பர்ட் எல்லிஸ் (1823–1887) என்ற பம்பாய் மாகாண அதிகாரி. வடக்குக் கோட்டத்தின் ஆணையராக இருந்தவர். ஏமாற்றந்தான். ஆனால் அந்த ஏமாற்றம்தான் என்னை மறுநாள் காலை பாலத்தடிக்கு அழைத்துச் சென்றது. ஆட்டோ ஓட்டுநரிடம் விவரமாக, அரசு வைத்த பெயரான ‘சுவாமி விவேகானந்தர் பாலம்’ என்றேன். அவர் விழித்தார். ‘எல்லிஸ் பிரிட்ஜ்’ என்றதும் வண்டி கிளம்பிவிட்டது.

அங்கே நிற்பவை மூன்று பாலங்கள். இரு பக்கமும் அகன்ற கான்கிரீட் பாலங்களில் வாகனங்கள் ஓய்வின்றி ஓடுகின்றன. நடுவில், வில்போல் வளைந்த எஃகுச் சட்டகங்களோடு, ஆளற்ற பழைய பாலம். திருமணக் கூட்டத்தில் வாட்டசாட்டமான இரு பேரன்களுக்கு நடுவே உட்காரவைக்கப்பட்ட கிழவரைப் போல அது இருந்தது. மரியாதை உண்டு, வேலை இல்லை. நடைமேடையின் ஓரத்தில் நின்று அதன் ரிவெட் ஆணிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பியபின் அதன் கதையைத் தேடிப் படித்தேன். அந்தக் கதையில் ஓர் இடம் இன்றுவரை என்னை விடவில்லை. இக்கட்டுரையை எழுதவைத்தது அதுதான்.

* * *

சபர்மதியின் குறுக்கே அந்த இடத்தில் முதலில் 1870–71இல் ஒரு மரப்பாலம் கட்டப்பட்டது. கட்டியவர்கள் ஆங்கிலேயப் பொறியாளர்கள். செலவு 54,920 பவுன். அன்றைய மாற்றுவிகிதத்தில் அது ஐந்து இலட்சம் ரூபாய்க்கும் மேல். நான்கே ஆண்டுகள்தான், 1875இல் வந்த பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றுவிட்டது.

மறுபடியும் பாலம் எழும்பப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1892இல் எஃகுப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. எஃகு பர்மிங்காமிலிருந்து வந்தது. பெயர், அதற்குள் மறைந்துவிட்டிருந்த எல்லிஸுடையது. ஆனால் கட்டிய பொறியாளர் ஓர் இந்தியர். ஹிம்மத்லால் தீரஜ்ராம் பச்சேச் என்பது அவர் பெயர். திட்ட மதிப்பீடு ஐந்து இலட்சம் ரூபாய். ஹிம்மத்லால் 4,07,564 ரூபாயில் வேலையை முடித்துக் கணக்கை ஒப்படைத்தார்.

இங்கேதான் நான் சொன்ன அந்த இடம் வருகிறது. மதிப்பீட்டைவிட ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் ரூபாய் குறைவாகச் செலவானதைக் கண்ட அரசுக்கு மகிழ்ச்சி வரவில்லை, ஐயம் வந்தது. மட்டமான பொருளைப் போட்டுக் கட்டியிருப்பாரோ என்று விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. குழு பாலத்தை ஆராய்ந்தது. கட்டுமானம் உயர்ந்த தரமுடையது என்று தீர்ப்புச் சொன்னது. அரசின் பணத்தை மிச்சப்படுத்தியதற்காக ஹிம்மத்லாலுக்கு ‘ராவ் சாகிப்’ பட்டம் கிடைத்தது.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். மிகுதியாகச் செலவழித்தால் விசாரணை வரும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். குறைத்துச் செலவழித்தவனுக்கு விசாரணை என்றால் சிரிப்புத்தானே வரும். நானும் முதலில் சிரித்தேன். ஓர் ஆங்கிலப் பொறியாளர் இதே மிச்சத்தைக் காட்டியிருந்தால் ஐயம் எழுந்திருக்குமா என்ற கேள்வியும் எழுந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லாவிட்டாலும் கேள்வி நியாயமானதே.

ஆனால் யோசிக்க யோசிக்க வேறொன்று தட்டுப்பட்டது. நோக்கம் எதுவாயினும், அன்று செய்யப்பட்டது பாலம் நின்றுகொண்டிருக்கும்போதே நடந்த விசாரணை. ஒருவரும் சாகவில்லை, ஒரு கண்ணும் விழவில்லை. அப்போதே போய்த் தட்டிப் பார்த்து, கணக்கைப் புரட்டி, ‘இது நிற்கும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். நம் காலத்தில் பாலங்களுக்கு விசாரணை எப்போது நடக்கிறது என்பதை நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

* * *

அந்தத் தீர்ப்பு பொய்க்கவில்லை. 14 கண்கள், கண்ணுக்கு ஏறத்தாழ 31 மீட்டர், மொத்தம் 433 மீட்டர் நீளம். அகலமோ ஆறேகால் மீட்டர்தான். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் கட்டப்பட்ட இந்தப் பாதை, நூறாண்டுக்கு மேல் ஒரு நகரத்தைச் சுமந்தது.

சுமந்தது என்பதை அணியாகச் சொல்லவில்லை. பாலத்தின் கீழ்முனையில் இருக்கிறது மானேக் புர்ஜ் என்னும் பழங்கொத்தளம். 1411இல் அகமது ஷா இந்நகரை நிறுவியதோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் அது. அதாவது நகரம் பிறந்த புள்ளியிலிருந்தே பாலம் புறப்படுகிறது. மேற்கே போய்ச் சேரும் கரையில் அன்று இருந்தவை சிற்றூர்கள். அவற்றுள் ஒன்றான கோச்ரபில்தான் 1915இல் காந்தி இந்தியாவில் தம் முதல் ஆசிரமத்தைத் தொடங்கினார். பின்னர் கல்லூரிகளும் நூலகமும் குடியிருப்புகளும் மேற்கே பெருகி, மதிலுக்குள் இருந்த நகரம் ஆற்றைத் தாண்டி வளர்ந்தது. இன்று மேற்குக்கரையில் ஒரு பகுதிக்கே ‘எல்லிஸ்பிரிட்ஜ்’ என்று பெயர். சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர். பாலத்தின் பெயரை ஊர் வாங்கிக்கொண்டது.

பாலத்தடியில், கிழக்குக்கரை மணலில், ஞாயிறுதோறும் கூடிய குஜரி பஜாரையும் சொல்ல வேண்டும். பழைய பூட்டு, கடிகாரம், கட்டில், கோழி, ஆடு ஆகியவற்றோடு பழைய புத்தகங்களும் விற்கும் சந்தை. சபர்மதியின் கரைகளைக் கட்டிச் செப்பனிட்ட திட்டத்தால் அந்தச் சந்தை ஒழுங்குபடுத்தப்பட்ட புது இடத்துக்கு மாறியது. புத்தகம் தேடி அலைபவர்களுக்குப் பாலத்தின் நிழல் என்பது எவ்வளவு அருமையானது என்று தெரியும். மூர் மார்க்கெட்டை இழந்த நமக்குக் கூடுதலாகவே தெரியும்.

வாகனங்கள் பெருகின. ஆறேகால் மீட்டர் போதவில்லை. 1997இல் பழைய பாலத்தில் மோட்டார் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. 1999இல் இருபுறமும் கான்கிரீட் பாலங்கள் எழுந்தன. பழைய பாலத்தை இடிக்காமல் நடுவில் விட்டு இருபுறமும் கட்டியது அந்த நகரத்தார் எடுத்த நல்ல முடிவு. பிறகு 2010களின் தொடக்கத்தில், விரைவுப் பேருந்துத் தடத்துக்கு இடம் வேண்டும் என்று பழைய பாலத்தை அகற்றும் யோசனை எழுந்தது. நகரத்தார் எதிர்த்தார்கள்; யோசனை கைவிடப்பட்டது.

இடிப்பதைத் தடுப்பது எளிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தடுத்தபின் என்ன செய்வது என்ற கேள்வி அதைவிடக் கடினமானது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்காலம் அந்தப் பாலம் வேலையின்றி நின்றது. எஃகுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. பாரம் ஏறாவிட்டாலும் மழை ஏறுகிறது. இரு தகடுகள் சேரும் இடுக்கில் நீரும் புழுதியும் தங்குகின்றன. அங்கே துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஆதலால் தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது, ஆணியின் தலையைத் தெறிக்க வைக்கிறது. வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் சட்டகம் நகர்வதற்கென்று அடியில் வைத்த தாங்கிகள் துருவேறி இறுகினால், அந்த நீட்சியின் விசை முழுவதும் தூண்களின்மேல் இறங்குகிறது. தூரத்திலிருந்து படம் எடுப்பவருக்கு இவை எவையும் தெரியா. வளைவு அழகாகத்தான் இருக்கும்.

2024இல் குஜராத் அரசு எல்லிஸ் பாலத்தை மீட்டெடுக்க 32 கோடியே 40 இலட்சம் ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. வலுவிழந்த பகுதிகளை மாற்றி, பாலத்தை உறுதிப்படுத்தி, நடப்பவர்களுக்குத் திறந்துவிடுவது நோக்கம். பெரிய தொகை என்று தோன்றலாம். அதே ஆற்றில், எல்லிஸ் பாலத்துக்குச் சற்றுத் தெற்கே, நடப்பவர்களுக்கென்றே எஃகும் கண்ணாடியுமாகக் கட்டப்பட்ட அடல் பாலம் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நீளம் 300 மீட்டர். செலவு 74 கோடி. புதிய பாலம் வேண்டாம் என்பது என் வாதமன்று. நடப்பதற்குப் பாலம் வேண்டும் என்று 74 கோடி செலவழிக்க முன்வந்த நகரம், ஏற்கெனவே நிற்கும் 433 மீட்டருக்கு அதில் பாதியும் ஆகாத தொகையைப் பிறகு ஒதுக்கியது என்ற வரிசைமுறையைத்தான் சுட்டுகிறேன். நம் நாட்டில் திறப்புவிழா புதியவற்றுக்குத்தான் களைகட்டும். பராமரிப்புக்கு நாடா வெட்ட எவரும் வருவதில்லை.

* * *

மீட்பு என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். கோயில் திருப்பணி என்று சொல்லிக் கல்லின்மேல் எனாமல் பூசுவதையும், பழஞ்சுவடியைப் பதிப்பிக்கிறேன் என்று சொல்லித் தெரியாத இடங்களைத் தாமே எழுதி நிரப்புவதையும் கண்டு சலித்தவர்கள் இலக்கிய வாசகர்கள். ஆனால் பாடபேதத்தைத் தவறாக முடிவு செய்தால் ஒரு கவிதைதான் கெடும். பாலத்தில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அதே குஜராத்தில் ஒரு சாட்சியம் உண்டு.

மோர்பி நகரில் மச்சு ஆற்றின்மேல் இருந்த 19ஆம் நூற்றாண்டுத் தொங்குபாலம், செப்பனிடப்பட்டுவிட்டது என்று சொல்லி 2022 அக்டோபர் 26 அன்று, குஜராத்தியரின் புத்தாண்டு நாளில், திறக்கப்பட்டது. நான்காம் நாள் மாலை, அக்டோபர் 30 அன்று, அறுந்து விழுந்தது. இறந்தவர்கள் 135 பேர், குழந்தைகள் பலர். பின்னர் அமைந்த சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டது என்ன? முதன்மை வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் விபத்துக்கு முன்பே அரிக்கப்பட்டிருந்தன. நடைதளத்தின் மரப்பலகைகள் அகற்றப்பட்டு அலுமினியத் தகடுகள் போடப்பட்டிருந்தன. பழைய தொங்கு கம்பிகளைப் புதியவற்றோடு பற்றவைத்திருந்தார்கள். காலுக்குக் கீழே கண்ணில் படுவது புதிதாயிற்று. தலைக்குமேலே தாங்குவது பழையதாகவே இருந்தது.

இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, பழைய பாலமெல்லாம் ஆபத்து, இடித்துவிடலாம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, முடிவில் இல்லை. மோர்பியில் கொன்றது பாலத்தின் வயது அன்று. திறப்பதற்கு முன் எவரும் அதன் வடத்தைப் பிரித்துப் பார்த்து, ‘இது தாங்கும்’ என்று பொறுப்பேற்று எழுதாததுதான். 1892இல் புத்தம்புதிய பாலத்தையே நம்பாமல் குழு போட்டுப் பார்த்தார்கள். 2022இல் நூறாண்டு கடந்த பாலத்தை நம்பி மக்களை ஏற்றினார்கள். ஹிம்மத்லாலை அவமதித்த அந்த ஐயம், மோர்பியில் யாரேனும் ஒருவருக்கு வந்திருக்கக் கூடாதா?

இன்னொரு மறுப்பும் உண்டு. வெள்ளையர் தம் ஆட்சியின் வசதிக்காகக் கட்டியதை நாம் ஏன் காக்க வேண்டும் என்பது அது. நம் இலக்கியக் கூட்டங்களிலும் இக்குரல் கேட்பதுண்டு. எல்லிஸ் என்ற பெயரை வேண்டுமானால் அவர்கள் வைத்தார்கள். ஆனால் கட்டியவர் ஹிம்மத்லால். வெயிலில் ஆணி காய்ச்சியவர்களும் தூணுக்குக் கல் சுமந்தவர்களும் இந்த மண்ணின் மக்கள். கொடுத்த பணம் இங்கே விளைந்த வரி. பெயர்ப்பலகையில் இருப்பவரைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு, பெயரில்லாதவர்களின் உழைப்பைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடுவது எந்த வகை விடுதலை என்று எனக்கு விளங்கவில்லை.

* * *

இவ்வளவும் குஜராத்தைப் பற்றிச் சொன்னேன். எனக்கு ஏன் இது தைக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

நான் திருச்சிப் பக்கத்தான். திருவானைக்காவலைத் தாண்டிக் கொள்ளிடத்தின்மேல் 1928இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. கல்லூரிக்குப் போன ஆண்டுகளில் அதன் மேல்தான் பேருந்து போகும். இணைப்புகளைக் கடக்கும்போதெல்லாம் ‘தடக்’ என்று ஓர் ஓசை. ஓசையை வைத்தே, கண் திறக்காமல், நம்பர் ஒன் டோல்கேட் நெருங்கிவிட்டதை அறிவேன். 2016இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தபின் பழையதில் வாகனங்கள் நின்றன. காலையில் காற்று வாங்க நடப்பவர்களுக்கு அது வாய்த்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் நடந்திருக்கிறேன். காவிரிக்கரைக் காற்று, கீழே மணல், தூரத்தில் கோபுரம். அதன்மேல் நின்றுகொண்டு சங்கப் பாடல்களைப் பற்றிக்கூட நண்பர்களோடு பேசியிருக்கிறேன்.

2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. அதே மாதம் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழைய பாலத்தின் தூண்கள் நடுவில் அமிழ்ந்தன. மேலிருந்த இரும்புச் சட்டகம் வளைந்து ஆற்றில் விழுந்தது. எஞ்சியதையும் பின்னர் அகற்றினார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

முதலில் விழுந்தது இரும்பன்று, அடியிலிருந்த தூண். ஆற்றுப்பாலத்தின் உயிர் அதன் இரும்பில் பாதி, ஆற்று மணலில் பாதி. தூணைச் சுற்றியுள்ள மணலை வெள்ளம் அரித்தாலும் மனிதன் அள்ளினாலும் கால் நிற்காது. கொள்ளிடத்தில் மணல் லாரிகள் வரிசைகட்டி நின்ற ஆண்டுகளை எங்கள் பக்கத்தில் மறந்தவர் இல்லை. எது எவ்வளவு அரித்தது என்பது பொறியாளர் சொல்ல வேண்டியது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 2016க்கும் 2018க்கும் இடையில் அந்தப் பாலத்தின்மேல் நடந்தவர்கள் பல்லாயிரம் பேர். அடியில் என்ன நடக்கிறது என்று ஒரு மனுவேனும் எழுதிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பாலம் விழுந்தபின் மட்டும் நினைவஞ்சலிபோல் ஒரு பத்தி எழுதினேன். பலர் பாராட்டினார்கள். இன்று அந்தப் பத்தியை எண்ணினால் கூச்சமாக இருக்கிறது.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு இந்த வழக்கம் உண்டு. இடிந்ததைப் பாடுவதில் நாம் தேர்ந்தவர்கள். நிற்பதைக் கவனிப்பதில் அல்லர். மரபு பற்றிய நம் பேச்சு இழப்பிலிருந்தே தொடங்குகிறது. அதனால்தான் பழைய பாலத்தைக் காக்க வேண்டும் என்று நாம் சொல்லும்போது பொறியாளர் நம்மைப் பொருட்படுத்துவதில்லை. நம் கோரிக்கையில் வளைவின் அழகு இருக்கிறது. தாங்கியின் துரு இல்லை.

ஆகவே நான் வைக்கும் கோரிக்கை சிறியது. நம் ஊர்களில் நிற்கும் பழைய ஆற்றுப்பாலம் ஒவ்வொன்றுக்கும், ஓடுவதாயினும் ஓய்ந்ததாயினும், ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வடிந்தபின் ஆய்வு நடக்க வேண்டும். தூணடியில் மணல் எவ்வளவு, எந்த இணைப்பில் துரு, எத்தனை பேர் ஏறலாம் என்பன பாலத்தின் இருமுனையிலும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். எழுதியவர் பெயரும் நாளும் இருக்க வேண்டும். தாங்காது என்றால் மூடுங்கள். மீட்க முடியாது என்றால் முறையாக இறக்குங்கள். அதற்கும் நான் எதிரியல்லன். காக்கவும் மனமில்லாமல் இறக்கவும் முடிவெடுக்காமல், வெள்ளம் வந்து தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

எல்லிஸ் பாலத்தை மீட்டுத் திறக்கும்போது ஒரு கல்வெட்டு வைப்பார்கள். அதில் திறந்துவைப்பவர் பெயர் இருக்கும். அது நம் நாட்டு வழக்கம். அதனருகில் ஹிம்மத்லால் தீரஜ்ராம் பச்சேச் என்ற பெயரையும், 4,07,564 ரூபாய் என்ற தொகையையும், அவரை ஐயுற்ற குழு என்ன கண்டது என்பதையும் பொறித்து வைத்தால் நன்றாக இருக்கும். அவ்வழியே நடக்கும் யாரோ ஒரு தமிழாசிரியர் நின்று படிப்பார். படித்துவிட்டு, தம் ஊர்ப் பாலத்துக்கு அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று திரும்பிப்போய்க் கேட்பார்.